குடும்பப் படி

ஐந்தரைக்கு எழுவேன். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு குளித்து, சவரம் செய்துகொள்வேன். அதற்குள் ஆயா அடுப்பு மூட்டிக் காப்பிக்கு வெந்நீர் வைத்துவிட்டு, தெருமுனையில் ரொட்டி வாங்கி வந்திருப்பாள். ஒரு நீள ரொட்டி. பாதி எனக்கு. மீதியில் கொஞ்சம் குழந்தைக்குப் பாலில் ஊறப்போட, மற்றது அவளுக்கு. ஆறேகாலுக்குக் குழந்தை எழும். ஆயா அதன் முகத்தைத் துடைத்து என்னிடம் தூக்கி வருவாள். நான் அதன் தலையைத் தொடுவேன். ஆறே முக்காலுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்படுவேன்.

ஒன்றரை வருடமாக அப்படித்தான்.

என் மனைவி ஜிசேல் 1952 பிப்ரவரியில் இறந்தாள். பிரசவமான மூன்றாம் நாள், காய்ச்சலில். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. குழந்தைக்கு மாதலேன் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். அது அழுதுகொண்டே இருந்தது. புட்டிப் பால் தங்கவில்லை. பால் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஜிசேலின் அக்கா ஐரேன் சொன்னாள். சைகோன் நகரின் டான் டின் பகுதியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. தரகுக்காரி ஒருத்தி மூன்று பெண்களைக் கூட்டி வந்தாள்.

சைகோனில் எங்கள் காரைக்கால், புதுச்சேரி வீடுகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பால் கொடுக்க வருகிறவளின் சொந்தப் பிள்ளை உயிரோடு இருக்கக் கூடாது. "இருந்துச்சுன்னா பாதிப் பால் அங்க போயிடும். பால் போவலன்னா மனசு போயிடும்" என்றாள் ஐரேன். அதனால் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். உன் பிள்ளை எங்கே? மூன்று பெண்களும் இறந்துவிட்டது என்றே சொன்னார்கள். மூவரில் கடைசியாக நின்றவளின் ரவிக்கை நனைந்திருந்தது. அவளைத் தேர்ந்தெடுத்தோம். நான் கதவோரம் நின்றிருந்தேன். மூன்று பேருக்கும் பிள்ளை செத்திருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளை சி பா என்று கூப்பிட்டோம். அது பெயர் இல்லை, பிறந்த வரிசை. தென் வியட்நாமில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குச்சி என்ற வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர்க்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவளாக இருப்பாள். நாங்கள் வியட்நாம் மொழியில் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் குழந்தையைப் பற்றித்தான். உப்பு தீர்ந்துவிட்டது, பல் முளைக்கிறது, கொசுவலை கிழிந்துவிட்டது.

1953 மே மாதம் பிரான்சில் யாரோ சைகோன் நாணயமான பியாஸ்தரின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரே வாரத்தில் சந்தையில் எல்லாம் ஏறிவிட்டது. ஜூலைக்குள் எங்கள் அலுவலகம் எங்கள் சம்பளத்தைத் திருத்தியது. செப்டம்பரில் சி பா என்னிடம் வந்து நின்றாள்.

"மொசியே, சம்பளம் நூத்தம்பது கூட்டித் தரணும்."

"எதுக்கு?"

"அரிசி விலை தெரியுமில்ல?"

"நீ சாப்பிடுற அரிசி இந்த வீட்டு அரிசிதானே."

"ஊர்ல இருக்கவங்க எந்த வீட்டு அரிசியைச் சாப்பிடுவாங்க?"

"ஊர்ல யாரு?"

"அக்கா."

பார்க்கிறேன் என்றேன். தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

துறைமுக அலுவலகத்தில் நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். புதுச்சேரியில் கல்லூரி முடித்துவிட்டு அந்த வேலைக்குத்தான் கப்பல் ஏறினேன். எங்களிடம் நான்கு தலைப்புகள் இருந்தன. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, குடும்பப் படி, சிறப்புப் படி. ஒரு மனிதனுக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு பியாஸ்தரும் இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும், அதற்கு ஒரு சான்று இருக்க வேண்டும். கெஞ்சி வந்தவனுக்கும் அதட்டி வந்தவனுக்கும் ஒரே தொகைதான். அதை நியாயம் என்று நான் நம்பினேன். ஜிசேல் போன பிறகு அந்த அட்டவணைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பது எளிதாகவும் இருந்தது.

சி பாவின் சம்பளம் நானூற்றைம்பது. எங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த அதே விகிதத்தில் பஞ்சப்படி போட்டேன். ஐம்பத்தைந்து வந்தது. அதற்கு மேல் எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து ஐரேன் வீட்டில் சாப்பாடு. அவள் கணவர் மொரீஸும் அரசாங்க உத்தியோகம்தான், சுங்கத்தில். பதினைந்து வருடமாக சைகோனில் இருப்பவர். நான் மீனைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"என்ன சகலை, முகத்துல கூட்டல் கழித்தல் ஓடுது?" என்றார்.

"ஆயா நூத்தம்பது கூடக் கேக்குறா."

"நூத்தம்பதா!" ஐரேன் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "எதுக்காம்? மோட்டார் வாங்கப் போறாளாமா? தம்பி, புள்ள பால் மறந்து அஞ்சு மாசமாச்சு. நானூத்தம்பதுங்கறது பால் குடுக்கச்சே பேசுன சம்பளம். இப்ப வெறும் சோறு ஊட்டத்தானே அவ? நியாயமாப் பாத்தா நீங்க கொறைக்கணும்."

"விலைவாசி ஏறியிருக்கே அக்கா."

"நமக்கு மட்டும் ஏறலியா?"

மொரீஸ் சிரித்தார். "நீ இன்னிக்குக் கூட்டுனா அடுத்த பூசைக்குள்ள டான் டின் முழுக்கத் தெரிஞ்சிடும். திங்கக்கிழமை காலையில எங்க சமையக்காரி வந்து இடுப்புல கை வச்சுக்கிட்டு நிப்பா. நம்மாளுங்க வீட்டுல எல்லாம் ஒரே தொகைன்னு பேசித்தானே வச்சிருக்கோம்? வெள்ளைக்காரனே மூட்டை கட்டலாமான்னு யோசிக்கிறான். நாம அடுத்த வருஷம் இங்கயோ காரைக்கால்லயோ, யாருக்குத் தெரியும். இந்தச் சமயத்துல ஆயாவுக்குச் சம்பளக் கமிஷன் வச்சு உக்காந்திருக்கியே!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சி பாவிடம் ஐம்பத்தைந்து தரலாம் என்று சொன்னேன்.

"நூத்தம்பது வேணும்."

"மேல குடுக்கணும்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்."

"அக்கா இருக்கான்னு சொன்னேனே."

"அக்கா கணக்குல வராது."

"யாரு வருவாங்க?"

"பெத்த பிள்ளைங்க. எங்க ஆபீஸ்ல பிள்ளை ஒண்ணுக்கு இவ்வளவுன்னு படி உண்டு. உனக்குன்னா ஒரு நாப்பது வரும்."

அலுவலகத்தில் வருகிறவர்களுக்கு விளக்குவது போலத்தான் சொன்னேன். அவளுடைய பிள்ளை இறந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தது அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை. அவள் குழந்தையின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். பிறகு கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்று நாள் கழித்து, நான் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குப் பிள்ளை இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். "செத்துப்போச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பொய்யா?"

"உசுரோட இருக்குன்னு சொல்லியிருந்தா என்னை எடுத்திருப்பீங்களா?"

அவள் குரலை உயர்த்தாமல், தயார் செய்துவைத்திருந்ததைச் சொல்வது போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"பொண்ணு. பேரு லான். நம்ம பாப்பாவைவிட ஆறு வாரம் மூத்தவ. குச்சியில அக்காகிட்ட இருக்கா. மழை நின்னா ரோடு காஞ்சிடும். ரோடு காஞ்சா லாரி வரும், வெள்ளைக்காரன் பட்டாளம் வரும். போன வருஷம் பக்கத்து ஊரை எரிச்சுட்டுப் போனாங்க. மழை நிக்கறதுக்குள்ள ரெண்டு பேரையும் இங்க கூட்டியாந்துடணும். கான் ஹோய்ல வாய்க்கால் பக்கம் ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். வாடகை நூத்தம்பது. அக்கா சந்தையில எதாவது வித்து சாப்பாட்டைப் பாத்துக்குவா. வாடகை மட்டும்தான் என்னால முடியல."

எனக்குக் கோபம் வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. ஆறு வாரம் மூத்தது என்பதை மட்டும் மனதில் கணக்குப் போட்டேன். இவள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதற்கு இரண்டு மாதம் ஆகியிருக்காது.

"அது என்ன குடிச்சுது?" என்றேன்.

"கஞ்சித் தண்ணி."

குழந்தை உள்ளேயிருந்து நடந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டது. அவள் குனிந்து தூக்கிக்கொண்டாள்.

அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். நூற்றைம்பது பியாஸ்தர் எனக்குப் பெரிய தொகை இல்லை. ஜிசேல் போன பிறகு செலவே இல்லாமல் வங்கியில் கிடந்தது. ஆனால் நான் யோசித்தது வேறு. ஐரேனும் மொரீஸும் கேட்பார்கள். ஒருமுறை பொய் சொன்னவள், இப்போது சொல்வது மட்டும் எப்படி உண்மை என்பார்கள். கையில் ஒரு காகிதம் இருந்தால் அவர்கள் வாயை அடைக்கலாம். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"பிறப்புச் சான்று இருக்கா?"

"காகிதமா?"

"ஆமா. இருந்தா குடும்பப் படி போட்டுடலாம். மத்ததையும் பேசலாம்."

"எங்க ஊர்ல யாரு மொசியே காகிதம் எழுதுறா? எழுதுற ஆளு உசுருக்குப் பயந்து ஓடிப்போய் ரெண்டு வருஷமாச்சு."

"எங்க ஓடினாரு?"

"ஹொக் மோன்."

"அங்க போய் வாங்கிட்டு வா."

என் முகத்தைப் பார்த்தாள். நான் கேலி செய்யவில்லை என்று புரிந்துகொண்டாள். "சரி" என்றாள்.

அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. அக்டோபர் முதல் ஞாயிறு போனாள். அந்த ஆள் வுங் டாவுக்குப் போயிருந்தார். இரண்டாவது ஞாயிறு ஆள் இருந்தார். அதே ஊரைச் சேர்ந்த சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஞாயிறு அக்காவை வரச் சொல்லியிருந்தாள். இரண்டாவது சாட்சி வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடியும் முன் போய் இருட்டும்போது நனைந்து வருவாள். குழந்தையை ஐரேனிடம் விட்டுவைத்தேன்.

நான்காவது ஞாயிறு காகிதத்தோடு வந்தாள். எண்ணெய்த் தாளில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அன்று அவள் உடை நனைந்திருக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். பெயர், நாள், ஊர், தாய் பெயர், சாட்சிகளின் ரேகை, முத்திரை. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு. முத்திரைக்கு மட்டும் அறுபது வாங்கினார்களாம்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"சரியா இருக்கு."

"அப்ப நூத்தம்பது?"

"பஞ்சப்படியும் குடும்பப் படியுமாத் தொண்ணூத்தஞ்சு வருது. நூறாப் போட்டுக்கறேன். டிசம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து."

"டிசம்பரா?"

எங்கள் அலுவலகத்தில் இருபதாம் தேதிக்குப் பிறகு வருகிற சான்று அடுத்த மாதச் சம்பளத்தில் சேராது. அதற்கும் அடுத்த மாதம்தான். அன்று தேதி இருபத்தைந்து. இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. ஐந்து வருடம் அதையே சொல்லிப் பழகிய வாய்.

"மழை போன வாரத்துலருந்தே விட்டு விட்டுத்தான் பெய்யுது மொசியே. டிசம்பர்ல புழுதி பறக்கும். மூணு மாசப் பணத்தை முன்னாடியே குடுங்க. கழிச்சுக்குங்க."

பார்க்கிறேன் என்றேன்.

ஒரு வாரம் கழித்துக் கல்லறைத் திருநாள் வந்தது. ஜிசேலின் கல்லறையை ஐரேன் கழுவினாள். நான் பூ வைத்தேன். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. ஐரேன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நாலு ஞாயிறா எங்க போறான்னு நேத்து அவளையே கேட்டேன். சொல்லிட்டா" என்றாள்.

அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினேன்.

"உசுரோட இருக்கற புள்ளைய செத்துடுச்சுன்னு வாய் கூசாம சொன்னாளே, அவ ஒரு தாயா? அவ மாரைக் குடிச்சு வளந்திருக்கே என் தங்கச்சி புள்ள. எனக்கு வயிறு பத்துது."

"நீங்க கேட்டீங்க. அவ சொன்னா."

"ஓஹோ. அப்ப நான்தான் பொய் சொல்லச் சொன்னேனா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படி? இந்த லட்சணத்துல சம்பளம் வேற கூட்டித் தரீங்களாம். அனுப்பிடுங்க தம்பி. புள்ளைய நான் பாத்துக்கறேன். வேற ஆளு பாக்கற வரைக்கும்." பிறகு கல்லறைப் பக்கம் திரும்பி அழத் தொடங்கினாள். அவள் தங்கைக்காக அழுதாள். அந்த அழுகையின் முன்னால் ஆயாவின் சம்பளத்தைப் பேச என்னால் முடியவில்லை. பார்க்கிறேன் என்றேன். அந்த இரண்டு மாதத்தில் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அனுப்பவும் இல்லை. பணம் கொடுக்கவும் இல்லை. பத்து நாள் போனது. சி பா மறுபடி கேட்கவில்லை. தெருவில் புழுதி தெரிய ஆரம்பித்தது. காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். பிறகு ரொட்டி வாங்கப் போவாள்.

நவம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. அலுவலகத்துக்கு வந்த செய்தித்தாளில் உள்பக்கத்தில் நான்கு வரி. நகரத்துக்கு வடமேற்கே ராணுவத்தின் துப்புரவு நடவடிக்கை தொடங்கியது, திட்டப்படி நடக்கிறது. ஊர்ப்பெயர்கள் மூன்று. இரண்டாவது பெயர் அந்தக் காகிதத்தில் நான் படித்த பெயர்.

வங்கிக்குப் போய் ஐந்நூறு எடுத்தேன். வெயிலில் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தேன். சி பாவுக்குச் சந்தையிலேயே தெரிந்திருந்தது. மூட்டை கட்டி வைத்துவிட்டு, நான் வரும்வரை குழந்தையைத் தனியே விட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பணத்தை நீட்டினேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். நடக்கவில்லை, ஓடினாள்.

நான்கு நாள் ஐரேன் எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தை இரவும் பகலும் "பா, பா" என்று அழுதது. என்னைக் கூப்பிடுவதாக மொரீஸ் நினைத்தார்.

ஐந்தாம் நாள் காலை சி பா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படிக்குக் கீழே நின்றாள். முழங்கால் வரை செம்மண் புழுதி. மூட்டை இன்னும் தோளில் இருந்தது.

"வீடு இல்ல" என்றாள். "அக்கா இல்ல. தெருவே இல்ல. கிணத்துல எட்டிப் பாத்தேன். கிணத்துலயும் இல்ல."

"வேற எங்கயாவது போயிருப்பாங்க."

"காட்டுப் பக்கம் போனாங்கன்னு ஒருத்தன் சொல்றான். பின் யுவோங் பக்கம் ஒரு கூட்டம் நடந்து போச்சுன்னு ஒருத்தி சொல்றா. தேடப் போறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஐரேன் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் இடுப்பில் குழந்தை. அது சி பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. சி பா கையை நீட்டவில்லை. ஐரேன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "அறுநூறு" என்றேன். "அறுநூறாப் போட்டுத் தர்றேன் சி பா. இன்னையிலிருந்து. நீ இருந்துடு. ஆள் விட்டு விசாரிக்கலாம்."

இரண்டு மாதமாக அவள் கேட்ட அதே தொகை. எந்தத் தலைப்பிலும் சேராமல், எந்தச் சான்றும் இல்லாமல், ஒரு நொடியில் வந்துவிட்டது.

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. களைத்திருந்தாள். மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டாள். இரண்டு வாக்கியம் சொன்னாள். திரும்பி நடந்தாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஹொக் மோன், பின் யுவோங் இரண்டு இடத்துக்கும் ஆள் விட்டேன். தகவல் இல்லை. மறு வருடம் நாடே இரண்டாகப் பிரிந்தது. யாரை யார் தேடுவது.

ஐந்நூறு பியாஸ்தரோடு ஓடிப்போனாள் என்று மொரீஸ் சுங்கத்தில் கதை சொன்னார். படியேறாமல் நின்று சாபம் விட்டுப் போனாள், குழந்தையைச் சபித்தாள் என்று ஐரேன் பூசைக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் சொன்னாள். ஐரேனுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இருந்தும் அப்படித்தான் சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள். சி பா யாரையும் சபிக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"அடுத்து வர்றவளுக்கு அதைக் குடுங்க மொசியே. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."